கட்டிலைக் காட்டுவார்கள், குழாயைத் திறந்து பாருங்கள்

அட்மிஷன் முடிந்த கையோடு சென்னையில் கிண்டி, தரமணி, வேளச்சேரி பக்கம் விடுதி தேடி ஒரு ஊர்வலம் கிளம்பும். முன்னால் பைக்கில் புரோக்கர். பின்னால் ஆட்டோவில் அப்பா, அம்மா, சுருட்டிய புது மெத்தை. மெத்தைக்கு அடியில் எங்கேயோ முதலாமாண்டு மாணவன். மூன்று மாடி ஏறியதும் வார்டன் கதவைத் திறந்து கட்டிலைத் தட்டிக் காட்டுவார். "நல்ல காத்தோட்டம் சார்." அப்பாவும் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டுவார், சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல. அதோடு பரிசோதனை முடிந்தது, அட்வான்ஸ் போய்விடும்.

கட்டிலில் ஒன்றுமே தெரியாது. பாத்ரூமுக்குப் போங்கள். முதலில் ஒரு கணக்கு: மாடியில் 18 பேர், பாத்ரூம் 3. ஆளுக்கு 12 நிமிடம் என்றால் கடைசி ஆள் தலை துவட்டும்போது 72 நிமிடம் ஓடியிருக்கும். எட்டரை மணி வகுப்புக்கு முதல் ஆள் ஆறரைக்கே பக்கெட்டோடு நின்றால்தான் எல்லாரும் போய்ச்சேர முடியும். இதில் ஒருத்தன் உள்ளே போனில் ரீல்ஸ் பார்ப்பான். அவனுக்கான நேரம் இந்தக் கணக்கில் வராது.

அடுத்து குழாய். பையிலிருந்து சோப்பை எடுத்துக் கையில் தேயுங்கள். வார்டன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நுரை வராமல் திரிந்த பால்போல வெள்ளையாகத் திரண்டால் உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர். ஷவர் ஓட்டைகளில் பாதி அடைத்து, குழாய் மூக்கில் சுண்ணாம்பு பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். "லாரித் தண்ணி எப்பப்ப வரும்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சனையே இல்ல சார்" என்பது பதில் இல்லை.

பார்க்கப் போகும் நேரம் மதியம் 2 மணியாக இருக்கட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கு வாடகை குறைவாகச் சொல்வார்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி முழுக்கச் சூட்டைக் கீழே இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டை ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். ஏசி அறையென்றால் யூனிட் என்ன விலை, தனி மீட்டரா என்று கேளுங்கள். பழைய 1 டன் ஏசி மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட். யூனிட் 12 ரூபாய் என்று வைத்தாலும் 2,880. த்ரீ ஷேரிங்கில் ஆளுக்கு 960. சேரும் நாளே மீட்டரைப் போட்டோ எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போன வருஷம் காலி பண்ணியவன் அனுபவித்த குளிருக்கும் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள்.

பெண்கள் விடுதிக்கு 2014-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும், காட்டச் சொல்லுங்கள். "அப்ளை பண்ணிருக்கோம்மா" என்றால் அடுத்த தெருவுக்கு நடங்கள்.

நாலு பேர் சேர்ந்து தனி வீடு எடுக்கிறவர்களுக்கு அட்வான்ஸ் ஒரு தனிப் புராணம். சென்னை வழக்கம் 10 மாத வாடகை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 3 மாதம் போதும் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹவுஸ் ஓனர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். காலி பண்ணும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைச் சேரும்போதே தொகையாக எழுதி வாங்குங்கள். "பாத்துக்கலாம் தம்பி" என்றால் ஒரு மாத வாடகை என்று அர்த்தம்.

தூரத்தைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். "பத்து நிமிஷம்" என்பார். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார். சேப்பாக்கத்தில் படிக்கிறவர் திருவான்மியூரில் தங்கினாலும் பறக்கும் ரயிலில் நேராகப் போய் இறங்கலாம். பக்கத்தில் இருந்தும் வேளச்சேரி விஜயநகர் சிக்னல் நெரிசலைத் தாண்ட வேண்டியவர் பாடு அதைவிட மோசம்.

கடைசியாக மழை. வீடு தேடும் மாதங்களில் தெரு காய்ந்து பளிச்சென்று இருக்கும், வெள்ளமோ நவம்பர், டிசம்பரில் வரும். ஓனரிடம் கேட்டால், "நம்ம தெருவுல தண்ணியே நிக்காது சார்." எதிர் டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு, "அண்ணே, 2015-ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். பாய்லரைத் துடைத்த கையை அப்படியே தன் இடுப்பில் வைத்துக் காட்டுவார். "2023 மிக்ஜாம் புயலுக்கு?" என்றால் கை கொஞ்சம் இறங்கி முட்டிக்கு வரும். டீயைக் குடித்துவிட்டு, முதல் மாடியில் இடம் இருக்கிறதா என்று வார்டனுக்குப் போன் போடுங்கள்.