கரும்புச் சாம்பலும் கார் கழுவும் கையுறையும்

தென்னாப்பிரிக்காவில் நாங்கள் வாழும் டோங்காட்டில் கரும்பு வெட்டும் காலம் வந்துவிட்டால், காலையில் காரின் மேல் கரிய இழைகள் படிந்து கிடக்கும். வெட்டுவதற்கு முன் தோகையை எரிப்பது குவாசுலு-நட்டால் கடற்கரைத் தோட்டங்களில் இன்றும் தொடரும் வழக்கம். எரிந்த தோகை சுருண்டு பறந்து வந்து முற்றம், கொடியில் காயும் துணி, கார் என எல்லாவற்றின் மீதும் இறங்கும். தொட்டவுடன் மாவாகப் பொடிந்துவிடும் அந்தச் சாம்பலால் பெயின்டுக்குத் தீங்கு வராது என்றே நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஆனால் கரும்புத் தோகையில், மணலில் இருக்கும் கடினப் பொருளான சிலிக்கா மிகுதி. அது நெருப்பில் அழியாமல் சாம்பலிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள், உறவினர் வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோவதற்காக அப்பாவின் கருநீலக் காரைக் கழுவி வெயிலில் நிறுத்தினேன். பானெட் முழுவதும் சிலந்தி வலை விரித்ததுபோல நுண்கீறல்கள் தெரிந்தன. அப்பா கோபப்படவில்லை. "தம்பி, தண்ணி நல்லாத்தான் ஊத்தினே, கையுறையைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். குழாயடியில் பிடித்துப் பிழிந்தபோது, சுத்தமாகத் தோன்றிய அந்தக் கையுறையிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கியது. முந்தைய வாரம் கழுவி முடித்ததும் அதை அலசாமல் வாளியின் விளிம்பில் போட்டுவிட்டிருந்தேன்.

மைக்ரோஃபைபர் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டரையும் பாலியமைடையும் சேர்த்து, பட்டு இழையை விட மெலிதாகப் பிரித்த நூல். கையுறையில் அது புழுப்போலத் தொங்கும் கற்றைகளாக இருப்பதால், காரின் மேலுள்ள துகள்களை உள்ளே இழுத்துக்கொண்டு பெயின்டைக் காக்கிறது. இழுத்ததை அது தானாக விடாது என்பதே சிக்கல். ஈரமாக இருக்கும்போது அலசினால் எளிதில் வெளியேறும் துகள், சோப்பும் மெழுகும் சேர்ந்து காய்ந்துவிட்டால் கற்றையின் அடியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த கழுவலின்போது உப்புத்தாள் போல வேலை செய்கிறது. ஆகவே காரைத் துடைத்து உலர்த்துவதற்கு முன்பே கையுறையைக் கவனித்துவிடுகிறேன். அந்தச் சில நிமிடங்கள் கார் காத்திருக்கலாம்.

அலசுவதற்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, பல மாதங்கள் குழாய் வறண்டிருந்த அனுபவத்திற்குப் பின் தண்ணீரை வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. அரை வாளித் தண்ணீரில் கையுறையை அமிழ்த்தி, கற்றைகளை விரல்களால் கோதிக் கோதி அசைத்துவிட்டு, சற்று நேரம் அசையாமல் விட்டால் மணல் அடியில் படியும். பிறகு மேலாகத் தூக்கிப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, தெளிவாக வரும்வரை அதையே திரும்பச் செய்கிறேன். முறுக்கிப் பிழிந்தால் தையலும் மணிக்கட்டுப் பட்டையும் தளர்ந்துவிடும். உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து அழுத்துவதே போதும். கடைசி வாளித் தண்ணீரில் சக்கரங்களுக்கான கையுறையை அலசலாம். அந்தக் கையுறையைத் தனியாகத்தான் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அதில் ஏறியிருக்கும்.

சில கழுவல்களுக்கு ஒருமுறை சலவை இயந்திரத்திலும் போடுகிறேன். மிதமான சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் திரவச் சோப்பு, கூடவே வேறு மைக்ரோஃபைபர் துணிகள் மட்டும். பருத்தித் துண்டுகளைச் சேர்த்தால் அவற்றின் பஞ்செல்லாம் கையுறைக்கு வந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து, நீரை உறிஞ்சும் தன்மையையும் அழுக்கைப் பிடிக்கும் தன்மையையும் கெடுத்துவிடும். பிளீச்சும் கூடாது. பூசை போட்ட காரில் இருந்து மஞ்சள் கறை ஏறினால் அதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை, கறை கீறாது.

உலர்த்துவதில்தான் டர்பன் பக்கத்துக் கோடை நம்மைச் சோதிக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில், உட்புறத்தில் பஞ்சோ மெத்தையோ வைத்துத் தைத்த கையுறை வெளியே காய்ந்தாலும் உள்ளே நனைந்தே இருக்கும். மறுநாள் புளித்த வாடை வீசும். முதலில் உட்புறத்தை வெளியே திருப்பிக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, அது காய்ந்ததும் மறுபடி திருப்பிப் போடுகிறேன். கடும் சூடு இழைகளை உருக்கி முரடாக்கும் என்பதால் உலர்த்தும் இயந்திரத்தின் மிகக் குறைந்த சூட்டைத் தாண்டுவதில்லை. முழுதும் காய்ந்தபின் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிட்டால் சாம்பல் அதன் மேல் படியாது.

அடுத்த முறை எடுக்கும்போது நனைத்துப் புறங்கையில் மெல்லத் தேய்த்துப் பார்க்கிறேன். எங்காவது சொரசொரப்புத் தட்டினால் மறுபடி அலசுகிறேன். அப்போதும் போகாவிட்டால் அதன் விளிம்பில் கறுப்பு நூலால் இரண்டு தையல் போட்டுச் சக்கரத்துக்கென்று ஒதுக்கிவிடுகிறேன். இப்போது அப்படித் தையல் போட்டவை மூன்று இருக்கின்றன.