2019 கோடை: ராப்டர்ஸ் குறிப்புகள்

ஜூன் 17, திங்கள்

எங்கள் டொரொன்டோ ராப்டர்ஸ் NBA கூடைப்பந்துக் கிண்ணத்தை வென்றதற்கான ஊர்வலம் மணிக்கணக்காகத் தாமதம். பஸ் நகரவே இடமில்லாத அளவுக்குச் சனம். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கிச்சூடு, நாலு பேருக்குக் காயம். அந்தச் செய்தி இந்த நாளின் மேல் கறையாக விழுந்துவிட்டது.

மேடையில் எங்கள் நட்சத்திரம் கவாய் லெனார்ட் பேசியது கொஞ்ச நேரம்தான். இந்தக் கோடையோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது, வேறு அணிக்குப் போகலாம். கூட்டம் "இன்னும் ஐந்து வருஷம்" என்று கத்தியது. அவர் சிரித்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

டிராஃப்ட், புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் நாள். எங்களுக்கு 59 ஆவது தெரிவு மட்டும்: டெவான் ஹெர்னாண்டஸ். 29 ஆவது தெரிவும் எங்களுடையதாக இருந்திருக்கும், போன வருஷம் கவாய்க்காகக் கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று. கவாயின் பழைய அணி சன் அன்ரோனியோ அதில் கெல்டன் ஜோன்சனை எடுத்தது. நாங்கள் கொடுத்தது: டிரோசான், போல்ட்ல் என்ற இரு வீரர்கள், ஒரு முதற்சுற்றுத் தெரிவு. கிண்ணம் வந்துவிட்டது, விலை சரிதான். கவாய் போனாலும் சரியா என்று கேட்டால், ஆம், அப்போதும் சரி.

ஜூன் 24, திங்கள்

ஆகக்கூடிய முன்னேற்றம் கண்ட வீரர் விருது எங்கள் சியாக்கமுக்கு. 2016 இல் 27 ஆவதாக எடுத்த பையன்!

ஜூன் 27, வியாழன்

லாஸ் ஏஞ்சலஸ் அணி லேக்கர்ஸ் சும்மா இருக்கவில்லை. அங்கே வரும் அந்தனி டேவிஸ், அணி மாற்றத்துக்காக (டிரேட்) தனக்குக் கிடைக்கவேண்டிய 4 மில்லியன் டொலர் போனஸை விட்டுக்கொடுத்தார். மூன்று இளம் வீரர்களை வொஷிங்டனுக்குத் தள்ளினார்கள். இப்போது லீக் அணிகளுக்கு வைக்கும் சம்பள வரம்புக்குள் அவர்களிடம் சுமார் 32 மில்லியன் இடம் இருக்கிறது. இது கவாயின் உச்ச சம்பளத்தின் அளவு. வேறு யாருக்காகவும் இவ்வளவு சிரமப்பட்டு இடம் ஒதுக்க மாட்டார்கள்.

ஜூன் 29, சனி

தொலைக்காட்சியில் ஒருவர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்: "கவாய் போனால் அந்தக் காசில் வேறு ஒருவரை எடுக்கலாம்." அப்படி ஒரு காசே இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை.

அடுத்த சீசனுக்குக் கையெழுத்தாகி இருப்பவை: லவ்ரி 33 மில்லியனுக்கு மேல். கசோல் இன்னொரு வருஷம் இருக்கும் தன் விருப்ப உரிமையை (ஒப்ஷன்) எடுத்துவிட்டார், 25.6. இபாகா 23.3. பவல் 10.1. வான்விளீட் 9.3. சியாக்கம் 2.4. அனுனோபி 2.3. ஏழு பேருக்கே 106 மில்லியன் தாண்டிவிட்டது. சம்பள வரம்பு 109 அளவில் வரும் என்கிறார்கள். மிச்சம் 3 மில்லியன்கூட இல்லை.

பிறகு எப்படிக் கவாய்க்கு 32 மில்லியன் கொடுக்கலாம்? பேர்ட் உரிமை. ஒப்பந்தம் முடிந்த வீரராக (ஃப்ரீ ஏஜென்ட்) அணி மாறாமல் மூன்று சீசன் ஆடிய தன் வீரரை, வரம்பைத் தாண்டியும் உச்ச சம்பளம் கொடுத்து அணி வைத்திருக்கலாம். டிரேடில் வந்தாலும் அந்த உரிமை வீரரோடு சேர்ந்தே வரும். அதனால் சன் அன்ரோனியோவில் சேர்ந்த உரிமை இப்போது எங்கள் கையில். ஆனால் அது அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான். ஆள் போனால் உரிமையும் போகும். அவருக்காகத் தாண்டலாம் என்ற அனுமதியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கவாயோடு வந்த டானி கிரீனுக்கும் இதே கதைதான், அவர் ஒப்பந்தமும் முடிகிறது.

ஆக, இருவரும் போனால் எங்களிடம் மிஞ்சுவது வரம்பைத் தாண்டிய அணிக்கும் அனுமதிக்கும் "மிட்-லெவல்" தொகை 9.258 மில்லியன், இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பாவிக்கக்கூடிய 3.623 மில்லியன், குறைந்தபட்சச் சம்பளங்கள். இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்குப் பதிலாக இதை வைத்து என்ன வாங்குவது?

இருவரும் இருந்தால் வேறு வலி. மொத்தச் சம்பளம் தாண்டினால் அணி லீக்குக்கு வரி கட்டவேண்டிய எல்லை 132.6 மில்லியன். கவாய்க்கு 32.7, டானிக்கு 15 என்று வைத்தால் ஒன்பது பேருக்கே 154 தாண்டும். எல்லைக்கு மேல் முதல் 5 மில்லியனுக்கு டொலருக்கு ஒன்றரை, அடுத்த 5க்கு 1.75, அதற்கடுத்து 2.50, பிறகு 3.25, பிறகு 3.75. கூட்டிப் பார்த்தால் வரி மட்டும் 50 மில்லியன். கட்டட்டும். சாம்பியன்கள் கட்டலாம்.

ஜூன் 30, ஞாயிறு

இந்த வருஷம் நள்ளிரவுக்குப் பதிலாக மாலை 6 மணிக்கே ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறந்தது. வரம்பு 109.14 மில்லியன்.

திறந்ததுமே வெள்ளம். டுராண்ட், அர்விங் இருவரும் புரூக்ளின். கெம்பா பொஸ்டன். பட்லர் மயாமி. ஹோர்ஃபர்ட் பிலடெல்பியா. கிளே கோல்டன் ஸ்டேட்டிலேயே, ஐந்து வருஷம் 190 மில்லியன். முன்பு எங்களிடம் ஆடிய ஜோனாஸ் மெம்பிஸில் மூன்று வருஷம் 45 மில்லியன், மனதுக்கு நிறைவாக இருந்தது.

கவாய் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜூலை 1, திங்கள்

கனடா தினம். ஸ்காபுறோவில் எங்கு போனாலும் "ஐந்து வருஷம், 190 மில்லியன், வேறு எவன் குடுப்பான்" என்ற கதைதான். கணக்குச் சரி: 32.742 இல் தொடங்கி வருஷத்துக்கு 8 வீத உயர்வு, ஐந்து வருஷத்துக்கு 189.9. மற்ற அணிகள் நாலு வருஷம், 5 வீத உயர்வு, 140.8. வித்தியாசம் 49 மில்லியன்.

ஆனால் கவாய் அந்தக் கணக்கைப் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு எட்டு சீசன் முடிந்திருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வருஷ அனுபவத்துக்கு உச்ச சம்பளம் வரம்பின் 30 வீதம். பத்து முடிந்தால் 35. பத்தாவது முடிவது 2021 கோடையில். அப்போது வரம்பு 125 மில்லியன் என்று லீக் மதிப்பிடுகிறது. அதில் 35 வீதம் 43.75 மில்லியன். இன்று ஐந்து வருஷம் கையெழுத்திட்டால் அதே மூன்றாவது வருஷத்தில் கிடைப்பது 37.98. வருஷத்துக்கு ஆறு மில்லியன் அளவு இழப்பு, அதுவும் முப்பது வயதில், தொடைத் தசைக் காயத்தால் ஒரு சீசனையே கிட்டத்தட்ட இழந்த ஒருவருக்கு.

அதனால் அவர் கேட்கப்போவது இரண்டு வருஷம், மூன்றாவது தன் விருப்பம். எங்கே கையெழுத்திட்டாலும் அதுதான். அப்படியானால் "ஐந்தாவது வருஷம்" என்ற எங்கள் துருப்புக்கு இன்று பெறுமதி இல்லை.

பெறுமதி 2021 இல் இருக்கிறது. இங்கேயே இருந்தால் முழுப் பேர்ட் உரிமை தொடரும்: 43.75 இல் தொடங்கி ஐந்து வருஷம், 253 மில்லியன் தாண்டும். வேறு அணிக்குப் போய் இரண்டு வருஷத்தில் வெளியே வந்தால் அங்கே முழு உரிமை சேர்ந்திருக்காது, அதற்கு மூன்று சீசன் வேண்டும். நாலு வருஷம்தான் கிடைக்கும். எங்கள் அணி நிர்வாகத்தின் தலைவர் மசாய் மேசையில் வைக்க வேண்டிய தாள் இது. 190 மில்லியன் தாளை விட்டுவிட்டு இதைக் காட்டவேண்டும்.

காட்டியிருப்பார். மசாய்க்குத் தெரியாததா?

ஜூலை 2, செவ்வாய்

டானி கிரீன் இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கவாய்க்காகக் காத்திருக்கிறார். மூன்று புள்ளியில் 45.5 வீதம் போட்ட ஒருவர் சந்தை காலியாகும்வரை காத்திருப்பது சின்ன விஷயமில்லை.

ஜூலை 3, புதன்

விமான நிலையத்திலிருந்து, கவாய் இருப்பதாகச் சொல்லும் கறுப்பு வண்டிகள் போவதை ஹெலிகொப்டரில் பின்தொடர்ந்து நேரலையில் காட்டுகிறார்கள். வண்டி சந்தியில் நிற்கிறது, கமராவும் நிற்கிறது. வண்டி திரும்புகிறது, தொலைக்காட்சியில் தெருப் பெயரைச் சொல்கிறார்கள். ஹோட்டல் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் அமைதியை விரும்புகிற மனிதர் என்று தெரிந்தும் இதைச் செய்கிறோம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கள் அணியோடு கவாயின் சந்திப்பு நடந்துவிட்டது. இங்கே வந்து பேசியதே நல்ல அறிகுறி. வர விருப்பமில்லாதவர் தொலைபேசியிலேயே முடித்திருக்கலாம்.

ஜூலை 4, வியாழன்

ஒன்றுமில்லை. தென் கலிபோர்னியாவில் நிலநடுக்கம், 6.4.

ஜூலை 5, வெள்ளி

நாளை மதியம் 12 மணிக்குத் தடைக்காலம் முடியும், பிறகு கையெழுத்துகள் தொடங்கும். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கவாயின் கடைசி வீச்சைத் திரும்பவும் பார்த்தேன். 90-90. வலது மூலை, எதிரணியின் எம்பீட் கையை உயர்த்திக்கொண்டு கூடவே ஓடி வருகிறார், அதனால்தான் பந்து அவ்வளவு உயரமாகப் போகிறது. உயரமாகப் போனதால்தான் வளையத்தில் மெதுவாகக் குதித்தது. ஒன்று, இரண்டு வளையத்தின் இந்தப் பக்கம், மூன்று, நாலு அந்தப் பக்கம். தட்டையாக எறிந்திருந்தால் முதல் குதிப்பிலேயே வெளியே போயிருக்கும். குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் போய்விடுவாரா?

இரவு: மறுபடி நிலநடுக்கம், 7.1. லாஸ் வேகாஸில் புதுமுகம் சயன் வில்லியம்சனின் முதல் சம்மர் லீக் (கோடைத் தொடர்) ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 6, சனி

கிளிப்பர்ஸ்.

செய்தி நள்ளிரவு தாண்டி வந்தது: லாஸ் ஏஞ்சலஸின் மற்ற அணிக்குப் போகிறார். கவாய் மட்டுமில்லை, ஒக்லஹோமாவிலிருந்து போல் ஜோர்ஜும் கூடவே.

டானி லேக்கர்ஸுக்கு. இரண்டு வருஷம் 30 மில்லியன். அவர் காத்திருந்ததற்கு நல்ல சம்பளம் கிடைத்தது, சந்தோஷம். எங்களிடம் கிடைத்திருக்கலாம்.

ஜூலை 7, ஞாயிறு

கோபம் கவாய் மேல் இல்லை. ஊருக்குப் போக விரும்பினார், போனார். கிண்ணத்தைத் தந்துவிட்டுப் போனார்.

ஜோர்ஜுக்காக ஒக்லஹோமாவுக்குக் கிளிப்பர்ஸ் கொடுத்ததைப் பார்க்கிறேன்: ஐந்து முதற்சுற்றுத் தெரிவுகள், அதில் இரண்டு மயாமியுடையவை. தெரிவை மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு. கலினாரி. ஷே. சம்பளம் பொருந்துவதற்கே ஷே தேவைப்பட்டிருக்கிறார். ஜோர்ஜின் சம்பளம் 33.0 மில்லியன். வரம்புக்கு மேலே நிற்கும் அணி, அனுப்பும் சம்பளத்தின் 125 வீதமும் ஒரு இலட்சமும் வரை திரும்ப எடுக்கலாம். கலினாரியின் 22.6 ஐ மட்டும் அனுப்பினால் 28.4 வரைதான் எடுக்கலாம். ஷேயின் 3.95 சேர்ந்தால் 33.3. அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஹமில்டனில் வளர்ந்த எங்கள் பையன், ஒக்லஹோமாவுக்குப் போகிறார். அங்கே பந்து அவர் கையில் இருக்கும், அவருக்கு நல்லதாகவே முடியும்.

நாங்கள் இதற்கு ஈடாக என்ன கொடுத்திருக்க முடியும்? சியாக்கம். வேண்டாம். நடக்காததே நல்லது.

ஜூலை 8, திங்கள்

அழுது முடிந்தது, நிமிடங்களை எண்ணுகிறேன். கவாய் ஆட்டத்துக்கு 34, டானி 28 அளவு. 62 நிமிடம் காலி. வான்விளீட் லவ்ரியோடு சேர்ந்து தொடங்குவார், பவலுக்குப் பத்து நிமிடம் கூடும், அனுனோபி திரும்பத் தொடக்க அணியில். அனுனோபியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். குடல்வால் சத்திரசிகிச்சையால் பிளேஓஃப் (வெளியேற்றுச் சுற்றுகள்) முழுக்க வெளியே இருந்தவர். எதிரணியின் பெரிய பக்கவாட்டு (விங்) வீரரை இனி அவர்தான் மறிக்க வேண்டும்.

போன சீசன் கவாய் ஆடாத ஆட்டங்கள் 22. அதில் நாங்கள் 17 வெற்றி, 5 தோல்வி. இதை ஒருவரும் சொல்வதில்லை. வழமைச் சீசனில் இந்த அணி வெல்லும். மே மாதத்தில், ஆட்டம் இறுகி, எறிவதற்கான 24 விநாடி முடியப் போகும்போது பந்தை யாரிடம் கொடுப்பது என்பதுதான் விடையில்லாத கேள்வி. சியாக்கமின் சுழற்சிக்கு பிலடெல்பியா எம்பீட்டை முன்னால் நிறுத்தி அடைத்தது. அவர் வளையத்துக்கு நேர் எதிரே நின்று மூன்று புள்ளி எறியக் கற்றால் மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். மூலையிலிருந்து ஏற்கெனவே போடுகிறார்.

ஜூலை 12, வெள்ளி

கவாயின் ஒப்பந்தம்: மூன்று வருஷம் 103 மில்லியன், மூன்றாவது அவர் விருப்பம். முதலில் நாலு வருஷம் என்றார்கள். இல்லை, இரண்டும் ஒன்றும். ஜோர்ஜும் 2021 இலேயே வெளியே வரலாம். அதே கணக்கு. எங்கள் நகரத்தில் நடந்திருக்க வேண்டிய கணக்கு.

இந்தக் கிழமை எங்களுக்கு வந்த பெயர்கள். ஸ்டான்லி ஜோன்சன், அந்த 3.623 மில்லியனில் தொடங்கி இரண்டு வருஷம். ரொன்டே ஹொலிஸ்-ஜெபர்சன் ஒரு வருஷம் 2.5. மக்கோ இரண்டு வருஷம் 8 மில்லியன், அவருக்கு எங்களிடம் முழுப் பேர்ட் உரிமை இல்லை, அதனால் மிட்-லெவலைத்தான் உடைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து மற் தோமஸ், சுத்தமான எறிகாரர். டெரன்ஸ் டேவிஸ், யாரும் தெரிவு செய்யாத பையன், சம்மர் லீக்கில் டென்வருக்காக ஆடிக்கொண்டிருந்தவரைத் தூக்கிவிட்டார்கள்.

ஜோன்சனும் ரொன்டேயும் நன்றாக மறிப்பார்கள், ஆனால் இருவரும் தூரத்திலிருந்து எறியமாட்டார்கள். ஒரே நேரத்தில் இருவரையும் இறக்கினால் எதிரணி உள்ளே சுருங்கிவிடும், சியாக்கமுக்கு ஓட இடம் இருக்காது. கசோலோ இபாகாவோ வெளியே நின்று எறிகிற நேரத்தில், இருவரில் ஒருவர் மட்டும். பயிற்சியாளர் நிக் நேர்ஸுக்கு இது தெரியும். இறுதிப் போட்டியில் கரிக்கு எதிராக, ஒருவர் அவரையே ஒட்டிநிற்க நால்வர் கட்டமாக நின்று காக்கும் பள்ளிக்கூடப் பொக்ஸ்-அண்ட்-வண் போட்டவர்.

ஒப்பந்த நீளங்களைப் பாருங்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம். லவ்ரி, கசோல், இபாகா எல்லாரும் 2020 இல் முடிகிறார்கள். பெரிய தொகை ஒன்றும் 2021 இல் இல்லை. மசாய் அந்தக் கோடைக்காக இடத்தைத் துடைத்து வைக்கிறார்.

ஜூலை 15, திங்கள்

டானி கிரீன் மஞ்சள் உடுப்பில். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இனிச் சியாக்கம். ஒக்டோபரில் சீசன் தொடங்குவதற்கு முதல் நாள்வரை ஒப்பந்த நீட்டிப்புக் கையெழுத்திடலாம். அவருக்கு உச்சம் வரம்பின் 25 வீதம். அடுத்த வருஷ வரம்பு 116 மில்லியன் என்று வைத்தால் 29 இல் தொடங்கி ஐந்து வருஷம் 168.

காத்திருக்கவும் காரணம் உண்டு. கையெழுத்திடாமல் 2020 கோடைக்குப் போனால், வரம்பில் அவருக்காக ஒதுக்கவேண்டியது பழைய சம்பளத்தின் மூன்று மடங்கு, 7 மில்லியன் மட்டும். 22 மில்லியன் இடம் மிச்சமாகும். முதலில் வேறொருவரை எடுத்துவிட்டுப் பேர்ட் உரிமையில் அவருக்குக் கையெழுத்திடலாம்.

ஆனால் 2020 இல் எடுக்க யார் இருக்கிறார்கள்? சந்தை மெலிந்தது. அந்த 22 மில்லியனுக்காக ஒரு வருஷம் முழுக்க அவரைக் காக்கவைத்து, இந்தக் கோடையைப் போல இன்னொரு கோடையா? வேண்டாம். இப்போதே கொடுக்கவேண்டும். நாலு வருஷமா ஐந்தா என்பதுதான் பேச்சாக இருக்கவேண்டும். நாலு என்றால் அவர் முப்பதில் திரும்பச் சந்தைக்கு வருவார், எட்டு சீசன் முடித்தவராக, 30 வீதத்துக்குத் தகுதியோடு. அவருடைய முகவர் அதைத்தான் பார்ப்பார்.