இரண்டு மணி வேலை

ஜூன் 11
கம்ப்யூட்டரில் இரவு 2 மணிக்குத் தானாக ஓட வேண்டிய வேலை மறுபடியும் செத்தது. அது எப்படி முடிந்தது என்று சொல்லும் முடிவு எண் 127. கையால் ஓட்டினால் ஓடுகிறது. அப்பாவுக்குச் சாயந்திரம் காய்ச்சல் 101.

ஜூன் 12
127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலில் நான் உட்காரும்போது, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் ஏழெட்டு அடைவுகள் இருக்கின்றன, குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் கிரான் எழுப்பும்போது யூஎஸ்ஆர்-பின், பின் என்று இரண்டே இரண்டு. நான் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் என் ஷெல்லில் நான் சேர்த்து வைத்த எதையும் கிரான் பார்ப்பதில்லை. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை முழுசாக எழுதினேன். தரவு அடைவுக்கான மாறியை எக்ஸ்போர்ட் செய்தேன், இல்லாவிட்டால் அது அந்த ஷெல்லோடு நின்றுவிடும், அடுத்துக் கிளம்பும் நிரலுக்குப் போகாது.
மேட்டூரில் திறந்தாச்சு என்று மாமா போன் பண்ணினார்.

ஜூன் 13
ஓடியது!

ஜூன் 14
கரண்ட் போய் இணைப்பு அறுந்தது, பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த வேலையும் அதோடு போய்விட்டது. ஹேங்கப் சிக்னல், எண் 1. டெலிபோன் லைனில் டெர்மினல் வைத்திருந்த காலத்துப் பெயர், லைன் அறுந்தால் போகிற செய்தி. ஹேங்கப்பைக் கண்டுகொள்ளாமல் ஓடவைக்கும் நோஹப்பை ஆரம்பத்திலேயே போட்டிருக்கலாம். ஓட ஆரம்பித்த பிறகும் வழி உண்டு: கன்ட்ரோல் இசட் போட்டு நிறுத்தி, பிஜி என்று பின்னால் தள்ளி, டிஸ்ஓன் சொன்னால் ஷெல் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், அப்புறம் ஹேங்கப் அனுப்பாது. ஆனால் அதன் முடிவு என்ன என்று வேலை முடியும்வரை காத்திருக்கும் வெயிட் போட்டுக் கேட்கவும் முடியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள்.

ஜூன் 16
நேற்றுக் கல்லணை திறந்தார்கள். இன்னும் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு தாண்டி, கோரையாற்றில் இறங்கி, எங்கள் வாய்க்கால் வரை வரவேண்டும். விதை மூட்டை திண்ணையிலேயே கிடக்கிறது, அப்பா போனில் அதைத்தான் முதலில் கேட்கிறார்.

ஜூன் 17
தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். பேக்கப் ஸ்கிரிப்டில் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் வரிக்குக் கீழே 'முடிந்தது' என்று பதிவு எழுத ஒரு எக்கோ வைத்திருந்தேன், அதற்கும் கீழேதான் டாலர் கேள்விக்குறியைச் சோதித்தேன். அந்த மாறி கடைசியாக முடிந்த கட்டளையின் பதிலை, அதாவது முடிவு எண்ணை, மட்டும்தான் வைத்திருக்கும். எக்கோ எழுதி முடித்தால் 0 தரும், 0 என்றால் வெற்றி. அதனால் டார் என்ன ஆனாலும் பதிவில் வெற்றி, வெற்றி, வெற்றி. மூன்று வாரம். டார் முடிந்த அடுத்த வரியிலேயே வேறொரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும், ஒரே ஒரு வரி.
நாலு மணிக்கு அப்பா வலியில் முனகினார், கேட்காமல் விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு டாக்டர் கேட்டபோது 'பரவாயில்லைங்க' என்றார். நாலு மணிக்கே நர்சைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஜூன் 18
இன்றைக்கு நேரம் போட்டு எழுதிவைத்தேன். 4:10 வலி. 5:30 வலி. 9:00 இல்லை.

ஜூன் 19
கோப்புகளின் எண்ணிக்கை 0 என்றே வருகிறது, அடைவுக்குள்ளே 412 கோப்பு. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்புக்குப் பின்னால் வைல் என்ற சுழற்சியைப் போட்டால், என் ஷெல்லான பாஷ் அதைத் தனி சப்ஷெல்லில், ஒரு கிளை ஷெல்லில், ஓட்டுகிறது, உள்ளே ஏறின எண் அங்கேயே அழிந்துவிடுகிறது. பைப்பின் கடைசிக் கட்டளையை அதே ஷெல்லில் ஓட்டும் லாஸ்ட்பைப் போட்டேன், ஸ்கிரிப்டில் 412 சரியாக வந்தது, டெர்மினலில் அதையே அடித்தால் மறுபடி 0. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வேலைகளை நிறுத்தவும் பின்னால் தள்ளவும் உதவும் ஜாப் கன்ட்ரோல் இயங்கும்போது லாஸ்ட்பைப் வேலை செய்யாது, டெர்மினலில் ஜாப் கன்ட்ரோல் வழக்கமாக இயங்கும், ஸ்கிரிப்டில் வழக்கமாக இயங்காது. இது புரிந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஜூன் 20
மூணாறு தலைப்பு தாண்டியாச்சாம்.

ஜூன் 21
அப்பாவைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டீமக்ஸில் இரண்டு வேலை பின்னணியில் ஓடுகிறது, ஒவ்வொரு வேலையும் கிளம்பியதும், கடைசியாகப் பின்னணிக்குப் போனதின் எண்ணை வைத்திருக்கும் டாலர் ஆச்சரியக்குறியிலிருந்து இரண்டின் எண்ணையும் தனித்தனி மாறியில் எடுத்துக்கொண்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட், பதில் கோப்பில் விழும். இந்தத் தடவை நடுவில் எக்கோ இல்லை. பை கட்டியாச்சு, மாத்திரைச் சீட்டு சட்டைப்பையில், வண்டி வந்துவிட்ட