அம்மாவின் "பரவாயில்ல"

நியூஜெர்சிக்கு வந்து ஏழு வருடமாகியும் அம்மாவுக்குப் பழகாதது எங்கள் வீட்டு மாடிப்படிதான். முழங்கால் வலி. காலையில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, வலது காலை இறக்கி, இடது காலை அதே படியில் கொண்டுவந்து சேர்ப்பார். பதினான்கு படி, இப்படியே.

கிரீன் கார்டில் வந்தவர், இங்கே வேலை பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியிருந்தாலும், தொடர்ந்து 5 வருடம் இங்கே இருந்த பிறகுதான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மாதப் பணம் கட்டிச் சேர முடியும். அந்த 5 வருடமும் தைலத்திலேயே ஓடியது.

ஒருவழியாக டாக்டரிடம் போனோம். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். "பரவாயில்லப்பா, வயசானா வரத்தானே செய்யும்" என்றார் அம்மா. நான் அதை "மூன்று" என்று சொன்னேன். எக்ஸ்ரேயில் தேய்மானம் நடுத்தரம்தானாம். மாத்திரை, உடற்பயிற்சி, சரி, போய் வாருங்கள்.

மனசு ஆறாமல் தேடிப் படித்தேன். 1998 முதல் 2000 வரையான மெடிகேர் கணக்கில், ஆயிரம் வெள்ளை ஆண்களில் வருடத்துக்கு 4.82 பேருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கறுப்பின ஆண்களில் 1.84. எங்கள் ஆட்களுக்கு அதில் தனிக் கணக்கு இல்லை.

எக்ஸ்ரே விஷயம்தான் என்னை உலுக்கியது. தேய்மானத்தைத் தரம் பிரிக்க இன்றும் பயன்படுவது 1957-இல் கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை. எக்ஸ்ரேயில் ஒரே அளவு தேய்மானம் தெரிந்தாலும் கறுப்பினத்தவருக்கு வலி அதிகம் என்பது தெரிந்த விஷயம். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், இந்த வலி வித்தியாசத்தில் 9 சதவீதத்துக்குத்தான் அந்தப் பழைய முறையால் காரணம் காட்ட முடிந்தது. நோயாளிகள் சொன்ன வலியை வைத்தே பழக்கிய கணினியோ, அதே படங்களிலிருந்து 43 சதவீதத்துக்குக் காரணம் காட்டியது. அந்த அளவுக்கான காரணம் முட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பார்க்கும் முறைக்குத்தான் அது தெரியவில்லை.

அடுத்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டேன். அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் இதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று இன்றும் வருத்தம் உண்டு. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "எப்படி வலிக்குதும்மா? குத்துதா, கடுக்குதா, இழுக்குதா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராத்திரியில கடுக்கும்மா. படி இறங்கினா குத்தும். பாத்ரூம் போக எழுந்திரிக்கணுமேன்னு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கிறதில்ல."

கடைசியாகச் சொன்னது எனக்கே தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம்.

டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, அம்மாவை எழுந்து நடந்து காட்டச் சொன்னார். அறுவை சிகிச்சை வரும் மார்ச்சில். அதுவரைக்கும் அம்மாவின் கட்டிலைக் கீழே ஹாலுக்கு இறக்கிவிட்டோம். இரவில் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கிறேன்.