மஸ்டாக்காரர்களின் பிடிவாதம்

1920-ல் ஹிரோஷிமாவில் கார்க் (அதாவது தக்கை) தயாரிக்க ஆரம்பித்த கம்பெனிதான் மஸ்டா. அப்புறம் மூணு சக்கர வண்டி, 1960-ல் முதல் கார். அதெல்லாம் இருக்கட்டும், ரோட்டரி இன்ஜினுக்கு வருவோம். பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர்தான் உள்ளே சுற்றும். அதன் முனையில் கசிவைத் தடுக்க இருக்கும் சீல், உள்சுவரை வரிவரியாகக் கீறித் தள்ளியது. ‘பேயின் நகக்கீறல்’ என்று அதற்குப் பேர். மஸ்டா இன்ஜினியர் கெனிச்சி யமமோட்டோவின் குழு வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி காரைக் கொண்டுவந்தது. 1991-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர கார் பந்தயத்தையே மஸ்டாவின் ரோட்டரி கார் ஜெயித்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல்முறை!

மஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பெட்ரோலும் குடிக்குது, ஆயிலும் குடிக்குது என்று புலம்புவார்கள். விற்கிறீங்களா என்று கேட்டால் மட்டும் முறைப்பார்கள். நானாக இருந்தால் மஸ்டாவின் இன்னொரு காரான எம்எக்ஸ்-5 வாங்கிவிட்டுப் போவேன். சாதா பிஸ்டன் இன்ஜின், கூரையையும் திறந்துக்கலாம்.