வென்டிலேட்டரை எடுக்க ஒரு முறை இருக்கிறது

"மருத்துவர் ஆலோசனையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்." வென்டிலேட்டரில் இருந்த என் மாமனாரை ஐசியுவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர என் கணவர் கையெழுத்துப் போட்ட தாளில் இப்படித்தான் அச்சடித்திருந்தது. முந்தின நாள் அந்த டாக்டரேதான் எங்களை உட்காரவைத்து, "மூளைக்குள்ள ரத்தம் பரவிடுச்சு. இனி கண்ணு முழிக்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோறதப் பத்தி யோசிங்க" என்றார். அவர் சொன்னதைத்தான் செய்தோம். தாளில் மட்டும் அவர் பேச்சை மீறியவர்களாகிவிட்டோம்.

ஆம்புலன்ஸில் ஒரு பையன் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து குழாயை எடுத்ததும் மாமாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விடிய விடிய அந்தச் சத்தம். திணறலைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் வீட்டில் யார் கொடுப்பது? அத்தை ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மஸ்கட்டிலிருந்த கொழுந்தனார் வீடியோ காலில் கேட்டார்: "மதினி, நாமளே அப்பாவக் கொன்னுட்டமா?"

இல்லை தம்பி. அவரைக் கொண்டுபோனது மூளை ரத்தக்கசிவு. பலன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் ஊசி போட்டுச் சாகடிப்பதும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 1973 முதல் நினைவில்லாமல் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில், 2011-ல் நீதிபதிகள் அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி தரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களே நிறுத்த வேண்டாம் என்று நின்றார்கள். 2015-ல் அவர் இறக்கும்வரை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த அன்பை நான் வணங்குகிறேன். ஆனாலும் அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று வழி திறந்தது. 2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கினார்கள்.

இப்போது மருத்துவமனையே ஒரு குழு கூட்ட வேண்டும்: சிகிச்சை பார்க்கும் டாக்டரும், குறைந்தது 5 வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். அப்புறம் இரண்டாவது குழு. அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தபின் நிறுத்தலாம். நோயாளி முன்கூட்டி எதுவும் எழுதிவைக்காவிட்டாலும் இந்த வழி உண்டு.

எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. கேஸ் வந்துவிடுமோ என்ற பயம் டாக்டர்களுக்கு இருக்கும், புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை ஒரு தாளில் எழுதி, அழுதுகொண்டிருக்கும் மகன் கையில் கொடுப்பது நியாயமில்லை. தனியார் ஐசியுவில் பில் தினமும் ஏறும். "காசுக்குப் பார்த்து எடுத்துட்டாங்க" என்று ஊர் பேசும். அதைவிடக் கொடுமை, அந்தச் சந்தேகம் நமக்கே நம்மேல் வருவது. என் கணவருக்கு வந்தது. குழு கூடி "இனிப் பலன் இல்லை" என்று எழுதித் தந்திருந்தால், அந்தப் பாரம் அவர் ஒருவர் தலையில் விழுந்திருக்காது. மாமாவும் மருந்தோடு, திணறல் தணிந்து போயிருப்பார்.

இன்னொன்று: அத்தையை யாருமே கேட்கவில்லை. மாமாவின் அண்ணன் மெஷினில் கிடந்தபோது, "எனக்கு இப்படிச் செஞ்சிராதிய" என்று மாமா அத்தையிடம்தான் சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளைகள் பேசி முடித்தபிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் எழுதிவையுங்கள். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், உங்களுக்காக யார் முடிவெடுப்பது என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். பிரதியை வீட்டிலும் குடும்ப டாக்டரிடமும் கொடுத்துவையுங்கள். நானும் கணவரும் எழுதிவிட்டோம். அத்தை தனக்கு என் பெயரைப் போடச் சொல்கிறார். கொழுந்தனாருக்கு இன்னும் மனசு வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அத்தையே அவரிடம் பேசட்டும் என்று விட்டிருக்கிறோம்.