கான் அடைச்சதுல ஆரம்பிச்ச கதை

எங்க டவுன்னு சொன்னா பெருசா ஒண்ணுமில்ல, ஹட்டன்ல இருந்து நல்லதண்ணிக்கு போற ரோட்டுல ரெண்டு பக்கமும் சேத்து ஒரு நாப்பது கடை இருக்கும், அதுல ஒண்ணு எங்கப்பாவோட சாப்பாட்டுக் கடை. நான் கொழும்புல துணிக்கடைல நின்னுட்டு 2020ல கொரோனாவுக்கு ஊருக்கு வந்தவன், அப்புறம் திரும்பிப் போகவே இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஜூன் மாசம், மழைன்னா மழை, கடைங்களுக்கு முன்னால ஓடுற கான், அதான் வடிகால், அடைச்சு தண்ணி உள்ள வந்துருச்சு. பக்கத்து பேக்கரில நாலு மூட்டை மா நாசம். நானும் பேக்கரி ஐயேவும் முழங்கால் தண்ணில நின்னு கான்குள்ள கைய விட்டு இழுக்குறோம், சிலிசிலி பேக்குன்னு சொல்ற பொலித்தீன் பை, யோகட் கப்பு, ஒரு ஒத்தச் செருப்பு, அப்புறம் கத்தையா சோறு கட்டுற பொலித்தீன் லஞ்ச் சீட்டு. பாத்தா எல்லாம் எங்க கடையோடது! எப்பிடித் தெரியும்னா எங்க கடை பேர் அடிச்ச பேப்பர் அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு, பருப்புக்கறி மஞ்சள் கூட போகல. ஐயே அதப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. நாலு மூட்டை மா போன மனுசன் திட்டியிருந்தா கூட பரவால்ல.

அந்தக் கான் தண்ணி நேரா கீழ ஓயாவுக்குத்தான், அதாவது ஆத்துக்குத்தான் போகுது, அங்கருந்து டேமுக்கு. காசல்ரீயோ மவுசாகலையோ, ரெண்டும் கடைசில களனி கங்கைதான், அதத்தான் அம்பத்தலைல எடுத்து சுத்தம் பண்ணி கொழும்புக்கு குடிக்க குடுக்குறாங்க. சிவனொளிபாத மலை ஏறுற சீசனுக்கு கொழும்புல இருந்து வந்து இங்க வீசிட்டுப் போறவங்களுக்கு அவங்க சாமான் அவங்களுக்கே திரும்பிப் போகுதுன்னு அப்பா சொல்லி சிரிப்பாரு. ஆனா வறட்சில மவுசாகலை தண்ணி எறங்கி பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியுறப்போ போயிப் பாத்தீங்கன்னா சிரிப்பு வராது, கோயிலச் சுத்தி போத்தலா கெடக்கும்.

இது அப்பாவுக்கு புதுசு இல்ல. 2017 செப்டம்பர்ல லஞ்ச் சீட்டு தடைன்னு வந்தப்பவே மனுசன் வாழை இலைக்கு மாறினாரு. எங்க குளிருக்கு இங்க நல்ல இலை வராது, கினிகத்தேனைல இருந்து காலைல பஸ்ஸுல ஏத்தி விடணும், வந்து சேர்றப்போ பாதி கிழிஞ்சிருக்கும். பக்கத்துல எல்லாரும் பழையபடி சீட்டுலதான் கட்டிக் குடுத்தாங்க, சனம் அங்க போயிருச்சு, மூணே வாரத்துல அப்பாவும் பழையபடி. நான்கூட அப்போ, உங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு போன்ல கேட்டவன்தான்.

அதனால இந்த வாட்டி பேக்கரி ஐயே கடை பூட்டினதுக்கு அப்புறம் எல்லாரையும் உள்ள உக்கார வெச்சு, மிஞ்சின மாலுபாணும் பிளேன்டியும் குடுத்தப்போ சில்லறைக் கடை வெச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர்தான் மொதல்ல வாயத் தொறந்தாரு, "தம்பி, நீங்க பேக் குடுக்கலன்னா சனம் எங்கிட்ட வரும், நான் குடுக்கலன்னா அவர்கிட்ட போகும், அப்ப எல்லாரும் ஒரே நாள்ல நிப்பாட்டினா எங்கதான் போகும்?" அவ்வளவுதாங்க விஷயம். சுற்றாடல், பூமின்னு யாரும் அன்னைக்கு பேசல. எங்க கடை, பேக்கரி, நானா கடை, மரக்கறிக் கடை, டெய்லர் அக்கா, இந்த அஞ்சு கடையும் ஒரே தேதில ஒரே நோட்டிஸ தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒட்டினோம். கடதாசி பேக்கும் தனித்தனியா வாங்கினா வெல கட்டாது, அஞ்சு பேரும் சேந்து ஒரே ஓடரா போட்டப்போதான் கட்டுச்சு.

குப்பைதான் பெரிய தலைவலி. குப்பை லொறி எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. சோத்து மிச்சம், கழனி எல்லாம் ஒரு வாளில, அத பன்னி வளக்குற ஒருத்தரு வந்து எடுத்துக்கிறாரு (நானா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு, அந்த வாளி மட்டும் அவர் கடை வாசல் பக்கம் வரக்கூடாது, நியாயம்தானே). மரக்கறித் தோலு, லீக்ஸ் இலை, முட்டைக் கோது, ஒரு நாளைக்கு ரெண்டு வாளி தேயிலைச் சக்கை, இதெல்லாம் மரக்கறிக் கடைக்கு பின்னால ஒரு குழில கொட்டினோம். ரெண்டு மாசம் அது நாறின நாத்தம் இருக்கே, பின்னால இருக்கிற தோட்டத்து லய வீட்டுல இருந்து ஒரு பாட்டி வந்து எங்க எல்லாருக்கும் சேத்து ஒரே சாபமா குடுத்துட்டுப் போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, எல்லாமே ஈரம், மேல மழை வேற, காத்தே போகல, அது மக்கல, அழுகியிருக்கு. தகரம் போட்டோம், மர ஆலைல இருந்து மரத்தூள் மூட்டை கொண்டு வந்து ஒரு தட்டு குப்பை ஒரு தட்டு தூள்னு போட்டு, வாரம் ஒருக்கா கிளறி விட்டோம். இப்போ காலைல குளிர்ல போயி மண்வெட்டிய போட்டா ஆவி பறக்கும், இரும்புக் கம்பிய உள்ள குத்தி வெச்சு கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்துத் தொட்டா கை சுடும்! நானே நம்பல.

அத விக்கிறது அடுத்த கூத்து. 2021ல அரசாங்கம் திடீர்னு ரசாயன உரத்த நிப்பாட்டி சேதனப் பசளை (இயற்கை உரம்) போடச் சொன்னதுல அடி வாங்கின சனம் இது, கரட்டும் கோவாவும் சுருங்கிப் போனத கண்ணால பாத்தவங்க. ஒரு தோட்டக்கார ஐயா எங்கிட்ட சொல்றாரு, "சேதனப் பசளைன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, கேட்டாலே பத்திக்கிட்டு வருது, குப்பைன்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன்." குப்பைன்னு சொல்லியே இப்போ மாசம் பத்து மூட்டை போகுது.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிராதீங்க. டிசம்பர் பௌர்ணமி, உந்துவப் போயால இருந்து மே மாசத்து வெசாக் போயா வரைக்கும் சீசன், ராத்திரி முழுக்க பஸ், அந்த நேரத்துல மட்டும் கடை போடுறவங்களுக்கு எங்க நோட்டிஸ் எல்லாம் ஒரு விஷயமே இல்ல. கடை வாசல்ல ஃபில்டர் வெச்சு போத்தல்ல தண்ணி நெரப்ப 20 ரூபான்னு போட்டோம், கொஞ்சப் பேர் நெரப்புறாங்க, நெறையப் பேர் புது போத்தல்தான் கேக்குறாங்க. பிஸ்கட் பைக்கட்டுக்கு எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது. 2025 நவம்பர் 1ல இருந்து பேக்குக்கு காசு வாங்கணும்னு சட்டமே வந்ததுல எங்களுக்கு கொஞ்சம் லேசாச்சு, இப்போ யாரும் சண்டைக்கு வர்றதில்ல, அரசாங்கத்த மட்டும் திட்டிட்டுப் போறாங்க. அதே மாசக் கடைசில டித்வா புயல் வந்து மலைநாட்டுல மலையே சரிஞ்சப்போ இந்தச் சின்னக் கான் எல்லாம் எந்த மூலைக்கு, அத நான் மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் வந்த சாதாரண மழைங்களுக்கு கடைக்குள்ள தண்ணி வரல.

டெய்லர் அக்கா வெட்டுத் துணில பேக் தைச்சுக் குடுத்தாங்க, 50 ரூபா கட்டி எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் குடுத்தா காசு வாபஸ்னு திட்டம். இருநூறு பேக் போச்சு, திரும்பி வந்தது பதினொண்ணு. மிச்சமெல்லாம் எங்கன்னு நானா ஒரே பொலம்பல். போன ஞாயித்துக்கிழமை மாமி வீட்டுக்குப் போனேன், கதவுக்குப் பின்னால ஆணில அதே பேக் ஏழு தொங்குது, ஒண்ணுல வெங்காயம், ஒண்ணுல ரேடியோ. கேட்டா, "நல்ல துணிடா, குடுக்க மனசு வரல"ங்கிறாங்க.